பொடிசு சட்டைக்கு எந்த சோப்பு?

அந்தத் தெருவில் அவருக்கு இரண்டு பெயர். நேரில் பார்த்தால் 'இஸ்திரி அண்ணன்'. தலை மறைந்ததும் 'அனல்'. இஸ்திரிப் பெட்டியின் சூட்டை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்துக்கொள்ளட்டும், நமக்கென்ன! அவர் வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டவர்களுக்குத் தெரியும், சூடு எங்கே இருந்தது என்று.

கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு மாடிக் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. வீடும் அதே குடியிருப்பில் மேலேதான். ஒரு மேசை, அதன் மேல் மடித்துப் போட்ட கம்பளி, கம்பளிக்கு மேல் வெள்ளைத் துணி, ஒரு பல்பு. நிமிர்ந்தால் படிக்கட்டு மண்டையில் இடிக்கும். இடித்தால் படிக்கட்டைத் திட்டுவார். அவ்வளவு கோபக்காரர். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அவர் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் விரலை வைத்தால் அறுத்துவிடுமோ என்று பயமாக இருக்கும். அதைவிட முக்கியம், வாசம். அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் லிஃப்டில் போனால், அவர் இறங்கிப் போன பிறகும் லிஃப்ட் மணக்கும். இரண்டு தெரு தள்ளியிருந்தெல்லாம் துணி வந்தது அந்த வாசத்துக்காகத்தான். "அது எப்படிண்ணே?" என்று கேட்டால், "கைராசி" என்பார். அதற்கு மேல் கேட்டால் கடிப்பார்.

கசங்கின துணியைக் கண்டால் அவருக்கு ஆகாது. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவன் காலர் மடங்கியிருந்தால் இறங்கும் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வருவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில், காத்திருந்து காத்திருந்து, இனி இல்லை என்று ஊரே முடிவுகட்டின பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவர் யாரையும் திட்டவில்லை என்று இன்றைக்கும் ஆச்சரியமாகச் சொல்வார்கள். குழந்தைக்கு ஏதோ அழகான பெயர்தான் வைத்தார்கள். ஆனால் அவர் 'பொடிசு' என்று கூப்பிட்டார், அதுவே ஒட்டிக்கொண்டது.

குழந்தை குப்புற விழப் பழகின நாட்களில்தான் அந்தத் தடிப்பு ஆரம்பித்தது. முதலில் கழுத்து மடிப்பில் சிவப்பாக ஒரு கோடு. பிறகு அக்குள், முழங்காலுக்குப் பின்னால், முதுகு. பச்சைக் குழந்தைக்குச் சொறியத் தெரியுமா? முகத்தைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்து அழும். அழுது களைத்துத் தூங்கும், தூக்கத்திலும் விம்மும். பார்த்துக்கொண்டு நிற்கிற பெற்றவர்களுக்கு வயிறு எரியுமா எரியாதா?

அவருக்கு எரிந்தது. எரிந்தால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சோப்புத்தூள் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனார்.

"இந்த பாக்கெட்டு மேல சிரிக்கிறது யாரு?"

மளிகைக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "குழந்தை."

"அது சிரிக்குதுல்ல? அப்புறம் என் குழந்தை ஏன் அழுவுது?"

"அண்ணே, நான் விக்கிறவன். அந்தக் குழந்தையை எனக்குத் தெரியாது."

"தெரியாத குழந்தையை எதுக்குய்யா கடையில தொங்க விட்டிருக்கே?"

மளிகைக்காரர் இன்னொரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அதில் வேறொரு குழந்தை சிரித்தது. அதையும் வாங்கிக்கொண்டு திட்டிக்கொண்டே வந்தார். அது போய் இன்னொன்று வந்தது. பூப்படம் போட்டது, பஞ்சு படம் போட்டது, 'மென்மை' என்று எழுதினது, 'மிக மென்மை' என்று எழுதினது. வீட்டுக் குளியலறை அலமாரியில் பாதி தீர்ந்த பாக்கெட்டுகள் வரிசையாக நின்றன. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று தெரியாமல் அவர் மனைவி தினமும் அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவர் மனைவி ஒரு பெரிய பேக்கரியில் மாவு பிசையும் பகுதியில் வேலை பார்ப்பவர். குழந்தைக்காக விடுப்பில் இருந்தார். புருஷன் ஒரு பக்கம் கொதிக்கக் கொதிக்க, இவர் ஒரு பக்கம் குளிர்ந்துகொண்டே போவார். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்குக் கூரை நின்றிருக்குமா?

"ஏங்க, கத்தாதீங்க. டாக்டர்கிட்ட காட்டலாம்."

டாக்டர் குழந்தையின் கழுத்தை விலக்கிப் பார்த்தார். பூசிக்கொள்ள ஒரு களிம்பு எழுதினார். "ரொம்ப மென்மையான தோல். வாசனை போட்ட சோப்புத்தூள் வேண்டாம். வாசனையும் கலரும் இல்லாதது கிடைக்கும், அதையே போடுங்க. கொஞ்சமா போட்டு, ஒரு தடவை கூடவே அலசுங்க," என்றார்.

வாசனை இல்லாத சோப்பு! மருந்துக்கடையில் கிடைத்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒன்றுமே இல்லை. "இது சோப்பா, சுண்ணாம்பா? வாசமே இல்லாம துவைச்சா அது துவைச்ச துணின்னு யாரு நம்புவா?" என்று கடைக்காரப் பெண்ணிடம் சண்டைக்குப் போனார். அந்தப் பெண் அவர் சட்டையைப் பார்த்தது, மூக்கைச் சுளித்தது, ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே அது வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இதற்கிடையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடியில் ஒரு அம்மா, இரட்டைக் குழந்தைக்காரர். அந்தக் குழந்தைகளின் துணியும் இவர் கடைக்குத்தான் வரும். பொடிசுக்குத் தடிப்பு வருவதற்கு முன்னாலேயே ஒரு நாள் அந்த அம்மா படியிறங்கி வந்து, "அண்ணே, பசங்களுக்கு ஒரே அரிப்பு. நீங்க தேய்க்கும்போது ஏதாச்சும் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். போச்சு! எண்ணெயில் கடுகைப் போட்ட மாதிரி வெடித்தார் நம்மவர்.

"நான் என்ன பண்ணுவேன்? சூட்டுக்கு முன்னால கிருமியே நிக்காது! உங்க வீட்டுல துவைக்க வர்ற அம்மா அலசுறதே இல்லை. துணியைத் தொட்டா நுரை கையில ஒட்டுது. முதல்ல அந்தம்மாவைக் கேளுங்க!"

நுரை ஒன்றும் ஒட்டவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார். கோபத்தில் ஒரு பேச்சு, அவ்வளவுதான். அடுத்த வாரமே அந்தத் துவைக்கிற அம்மா வேலையை விட்டு நிறுத்தப்பட்டார். அது இவர் காதிலும் விழுந்தது. "நல்லது," என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

சரி, பொடிசுக்கு வருவோம். வாசனையில்லாத சோப்பிலும் தடிப்பு போகவில்லை. களிம்பு பூசினால் ஒரு நாள் அடங்கும், சட்டை மாற்றினால் திரும்ப எழும்பும். தூக்கம் இல்லாமல் மனைவிக்குக் கண்ணைச் சுற்றிக் கருத்துவிட்டது. பார்க்கப் பொறுக்காமல் மனைவியின் அக்கா வந்து தாயையும் குழந்தையையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே போய் ஒரு வாரம் ஆகவில்லை, குழந்தையின் தோல் வாழைக்குருத்து மாதிரி ஆகிவிட்டது. அதே சோப்பு, அதே சட்டைகள், அதே தாய்ப்பால். போனில் சேதி கேட்டதும் மனுஷன் கடையைச் சாத்திவிட்டு ஓடினார். குழந்தையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டு அழுதார். வெட்கமே இல்லாமல் அழுதார். அக்காவின் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுத்தோமே என்று அக்காவிடம் மன்னிப்புகூடக் கேட்டார். அது அவர் வாழ்க்கையில் நடந்த அரிய சம்பவம்.

வீட்டுக்குக் கூட்டிவந்தார். மறுநாளே கழுத்தில் சிவப்பு.

அக்கா கிளம்பி வந்தார். நல்லவர்தான், ஆனால் நாக்கில் நரம்பு கிடையாது. குழந்தையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"தம்பி, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. என் வீட்டுல இருந்தப்போ புள்ளைக்கு ஒண்ணும் இல்லை. நீங்க வந்து தூக்கினீங்க, மறுநாள் வந்துடுச்சு. அப்பன் கை ஆகலையோ என்னவோ. தடிப்பு நல்லா ஆகுற வரைக்கும் நீங்க தொடாம இருங்களேன்."

மனைவி, "அக்கா, என்ன பேச்சு இது?" என்று பதறினார். இவர் கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், தேய்த்து முடித்த ஒரு துணியை மறுபடி எடுத்துத் தேய்த்தார். தெரு முழுக்கக் கைராசிக்காரன் என்று பெயர் வாங்கின கை. பெற்ற பிள்ளைக்கு ஆகாதாம்! இதை எந்தக் கடையில் போய்ச் சண்டை போட்டுத் தீர்ப்பது?

அன்றிலிருந்து அவர் குழந்தையைத் தொடவில்லை. வாசலில் நின்று பார்ப்பார். பொடிசு அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டும். இவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். குழந்தை உதட்டைப் பிதுக்கும். இவர் வெளியே போய் யாரையாவது திட்டுவார். தூக்க முடியாத ஆசையை எல்லாம் அவர் கொட்டித் தீர்த்தது ஒரே இடத்தில்தான். வேலை முடிந்த பிறகு இஸ்திரிப் பெட்டியின் அடியைத் துடைத்து, மேசைத் துணியை மாற்றி, எப்போதும் போலப் பொடிசின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்ப்பார். கைக்குட்டையில் பாதி இருக்கும் சட்டை. சுண்டுவிரல் நுழையாத கை. அதில் ஒரு சுருக்கம் இருக்காது. தூக்கக் கூடாது என்றால் என்ன, இதையாவது செய்கிறேனே என்று ஒரு ஆறுதல் அவருக்கு.

மனைவிதான் ஒரு நாள் சொன்னார்: "இப்படி ஒவ்வொரு பாக்கெட்டா மாத்திட்டே இருந்தா பைத்தியம்தான் புடிக்கும். பேக்கரியில ரொட்டி உப்பலைன்னா நாங்க என்ன பண்ணுவோம்? மாவு, ஈஸ்ட், தண்ணி, அடுப்பு எல்லாத்தையும் ஒண்ணாவா மாத்துவோம்? ஒண்ணை மட்டும் மாத்திப் பார்ப்போம். அதே மாதிரி பாத்துருவோம்."

பழைய துவாலை ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு சோப்பில் துவைத்துத் தோலில் கட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் வேறு வேறு கலரில் நூல் தைத்தார் மனைவி. கடைசியாக ஒரு துண்டு மிஞ்சியது. "இதை வெறும் தண்ணியில அலசிடுவோம். ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணும்ல?" என்றார்.

"குடு, நானே துவைக்கிறேன். என் புள்ளை விஷயத்துல நான் இனி எவரையும் நம்புறதா இல்லை," என்று எல்லாத் துண்டையும் பிடுங்கிக்கொண்டார். அவரே துவைத்து, அவரே அலசி, அவரே காயவைத்துக் கொண்டுவந்தார்.

"என் கையில கட்டு."

"உங்க தோலு எருமைத்தோலு. கொதிக்கிற பெட்டி பட்டாலே உங்களுக்கு உறைக்காது. பொடிசுக்கு வாய்ச்சது என் தோலு. என் கையில கட்டுங்க."

இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வரிசையாகக் கட்டினார். மறுநாள் காலையில் அவிழ்த்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு. பூப்படம் போட்டதிலும் சிவப்பு, பஞ்சு படம் போட்டதிலும் சிவப்பு, மருந்துக்கடைச் சோப்பிலும் சிவப்பு. கடைசித் துண்டை அவிழ்த்தார்கள். வெறும் தண்ணீரில் அலசினது. அதற்கு அடியிலும் அதே சிவப்பு!

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? மனைவி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து யோசிப்பதற்குள் இவர் செருப்பை மாட்டியாகிவிட்டது.

"தண்ணி! தண்ணியிலதான்டி விஷயம் இருக்கு! தொட்டியைக் கழுவாம எவனோ எதையோ ஊத்தியிருக்கான்!"

"ஏங்க, நில்லுங்க, இன்னொரு—"

நிற்பவரா அவர்? குடியிருப்பைப் பராமரிக்கிற ஆள் கீழே மோட்டார் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு ஏன் திட்டு விழுகிறது என்று புரிவதற்கே அரை டீ ஆறிப்போனது. புரிந்ததும் அவருக்கும் கோபம் வந்தது.

"யோவ் அனலு! இந்தத் தண்ணியைத்தான் மாடிக்கு மாடி எல்லாரும் குடிக்கிறாங்க. தொட்டி கழுவி ஈரம் காயலை, வேணும்னா ஏறிப் பாரு. எத்தனை குழந்தைங்க இருக்கு இங்கே? உன் புள்ளைக்கும் அந்த மூணாம் மாடி ரெட்டைக்கும் தவிர எதுக்காச்சும் அரிப்பு இருக்கா?"

'அனல்' என்று முகத்துக்கு நேராகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஆனால் அவருக்கு உறைத்தது அது இல்லை. உன் புள்ளையும் மூணாம் மாடி ரெட்டையும். அது காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எதற்கு என்று மட்டும் விளங்கவில்லை. விளங்காததால் இன்னும் கோபம் வந்தது.

கடைக்கு வந்தார். பெட்டியைச் சூடாக்கினார். மேலே கிடந்த சட்டையை எடுத்து விரித்தார். கொஞ்ச நேரத்தில் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து நின்றார். அவர் அங்கே வருவதே அபூர்வம்.

"ஏன் வந்தே? புள்ளையை ஏன் தூக்கிட்டு வந்தே? இங்கே சூடு."

"ஒண்ணு கேக்கணும். நேத்து நாம வெட்டின துவாலையில ஒரு துண்டு கீழே விழுந்து கிடந்துச்சு. அதை நானே வெறும் தண்ணியில அலசி, நானே காயப்போட்டு, வலது கையில கட்டியிருந்தேன். சொல்லலை உங்ககிட்ட. இதோ பாருங்க."

வலது கையை நீட்டினார். ஒன்றுமே இல்லை. பால் மாதிரி இருந்தது.

"அதே தண்ணி, அதே துவாலை. நான் அலசினா ஒண்ணும் ஆகலை, நீங்க அலசினா சிவக்குது. அப்போ நீங்க அதுக்கு வேற என்னமோ பண்ணியிருக்கீங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க. என்ன பண்ணீங்க?"

"என்னடி, நீயுமா? உங்க அக்கா மாதிரி நீயும் என் கைதான்னு சொல்ல வந்தியா?"

"கத்தாம சொல்லுங்க."

"என்ன பண்ணேன்? துவைச்சேன். அலசினேன். புழிஞ்சேன். காயப்போட்டேன். எடுத்துட்டு வந்து தேய்ச்சேன்."

"தேய்ச்சீங்களா? அந்தக் கந்தலையா?"

"பின்னே? சுருக்கத்தோட உன் கையில கட்டச் சொல்றியா? நான் யாருன்னு நினைச்சே?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வலது கை, அதன் வேலையை அது பார்த்துக்கொண்டிருந்தது. மூடியில் ஓட்டை போட்ட புட்டியை எடுத்து, விரித்த சட்டை மேல் சளக் சளக்கென்று தெளித்தது. தெளித்த இடத்தில் பெட்டியை வைத்ததும் புஸ்ஸென்று ஆவி எழும்பியது. ஆவியோடு அந்த வாசமும் எழும்பியது. மனைவியின் இடுப்பில் இருந்த பொடிசு முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மியது.

மனைவி புட்டியைப் பார்த்தார். அவரும் புட்டியைப் பார்த்தார்.

"அதுல தண்ணிதானே?" என்றார் மனைவி, மெதுவாக.

தண்ணீர் மட்டும் இல்லை. தொழில் ரகசியம். கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்கும் சொல்லாத ரகசியம். துணிக்கு வாசம் ஏற்றுகிற நீல லிக்விட் ஒன்று பெரிய டப்பாவில் மேசைக்கு அடியில் இருந்தது. துவைத்த பிறகு வாளித் தண்ணீரில் ஒரு மூடி விட்டு அலசி எடுக்க வேண்டியது அது. இவர் அதைப் புட்டித் தண்ணீரில் கலந்து துணியிலேயே தெளித்துச் சூட்டை வைத்து உள்ளே ஏற்றிவிடுவார். அதுதான் கைராசி! வருஷக்கணக்காக அதிலேயே நின்றதில் அவர் மூக்குக்கு அந்த வாசம் எட்டுவதே இல்லை. எட்டாததால் வர வர இன்னொரு மூடி, இன்னும் ஒரு மூடி என்று கூட்டிக்கொண்டே போயிருந்தார்.

மனைவி புட்டியை வாங்கி மோந்து பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "இது உங்க வாசனைன்னுல்ல நான் இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன்," என்றார்.

அக்கா வீட்டில் ஏன் ஆறியது? அங்கே எவர் குழந்தைச் சட்டையைத் தேய்த்தார்? வாசனையில்லாத சோப்பு ஏன் கேட்கவில்லை? அதில் துவைத்த துணியில் இவர் மூடி மூடியாக வாசத்தை ஏற்றினாரே! உலகத்தில் இருக்கிற சோப்புக்காரன், கடைக்காரன், டாக்டர், தண்ணீர்த் தொட்டி என்று ஒன்றையும் விடாமல் திட்டித் தீர்த்துவிட்டு, தினமும் சாயங்காலம் தன் கையாலேயே, ஆசை ஆசையாக, பெட்டியின் அடியைத் துடைத்துத் துடைத்து... கம்பளி மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"உங்க அக்கா சொன்னது சரிதான். என் கைதான்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்ல? ஊரெல்லாம் திருடனைத் தேடினேனே, என் கையிலேயே வெச்சுக்கிட்டு! போ, புள்ளையை எடுத்துட்டு மேல போ. இங்கே நிக்காதே. போன்னு சொல்றேன்ல!"

அவர் அன்றைக்குக் கத்தின கத்தல் நாலு மாடிக்கும் கேட்டது. யாரைத் திட்டுகிறார் என்று எட்டிப் பார்த்தவர்களுக்குக் கடைக்குள் அவரைத் தவிர ஒருவரும் தெரியவில்லை.

நீல டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தார். கம்பளியை வெளியே எறிந்தார், மேசையைத் தேய்த்துக் கழுவினார், பெட்டியின் அடியைச் சுரண்டினார். தன் வீட்டோடு முடிந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். மோட்டார் அறை ஆள் சொன்னது திரும்பவும் காதுக்குள் எழுந்தது. உன் புள்ளையும் மூணாம் மாடி ரெட்டையும். மாடியேறினார்.

இரட்டைக் குழந்தைக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பையன் தரையில் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தான். இன்னொருவன் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான். இவர் வாசலில் நின்றே சொன்னார். சுற்றி வளைக்காமல், நான்தான், என் புட்டிதான் என்று சொன்னார்.

அந்த அம்மா திரும்பிப் பையன்களைப் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார். "வந்து கேட்டேனேய்யா! உன் முன்னால நின்னு கேட்டேனே! என்னா பேச்சு பேசினே அன்னைக்கு? உன் பேச்சை நம்பித்தானே அந்தம்மாவை நிறுத்தினேன்? 'நான் நல்லாத்தான் அலசுறேன்மா'ன்னு அது அழுதுச்சு. 'பொய் சொல்லாதே'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். இப்போ நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அதைப் பார்ப்பேன்?"

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை அவர். திட்டுவது எவ்வளவு சுலபம், வாங்குவது எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருக்கிறது. "நானே போய்ச் சொல்றேம்மா" என்றார்.

போனார். துவைக்கிற அம்மா பின்தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில், வாளிக்கு முன்னால் உட்கார்ந்து துணி கும்மிக்கொண்டிருந்தார். இவர் சொன்னதை எல்லாம் கேட்டார். கை நிற்கவில்லை. கடைசியில் தலையைத் தூக்கி, "சரி, இப்போ தெரிஞ்சுதுல்ல? அந்த வீட்டுக்கு நான் இனிமே போறதா இல்லை. நீ வழியை விடு, வெளிச்சத்தை மறைக்கிறே," என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இவர் வழியை விட்டு நகர்ந்தார்.

வாசம் போனதும் வாடிக்கையும் கொஞ்சம் போனது. "என்னண்ணே, கைராசி போயிடுச்சா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அது கைராசி இல்லை, கைவிஷம்!" என்று கத்தினார். வீட்டில் அவர் சட்டைகளையும் மனைவி வாசனையில்லாத சோப்பில் திரும்பத் திரும்ப அலசினார். தேய்க்க மட்டும் விடவில்லை. விட்டாலும் அவர் தேய்த்திருக்க மாட்டார். கசங்கின சட்டையோடு அவர் தெருவில் நடந்ததைப் பார்த்து, வீட்டில் ஏதாவது துக்கமோ என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

பொடிசின் தோல் ஒவ்வொரு மடிப்பாக ஆறிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் தூக்கவில்லை. மனைவி சொல்லியும் கேட்கவில்லை. கையை முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வருவார், மோந்து பார்ப்பார், அவர் மூக்கை அவரே நம்பாமல் திரும்பப் போய்க் கழுவுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். குழந்தையைக் கீழே விரிப்பில் போட்டுக் கழுத்தை விலக்கிப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், முதுகைத் தடவிப் பார்த்தார். ஒரு சிவப்பு இல்லை. சுருக்கம் சுருக்கமாக ஒரு சட்டை மட்டும் போட்டிருந்தது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைவாசலுக்கே போய்விட்டார்.

"தம்பி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. புடிங்க."

"தப்பு இல்லைக்கா. நீங்க சொன்னதுதான்—"

"கை வலிக்குது எனக்கு. புடிக்கிறீங்களா, போட்டுடவா?"

பொடிசு இரண்டு கையையும் நீட்டியது. இந்தத் தடவை அவர் கை முதுகுக்குப் பின்னால் போகவில்லை. வாங்கி மார்பில் சாத்திக்கொண்டார். குழந்தை அவர் சட்டையை ஒரு கொத்தாகப் பிடித்துக் கசக்கியது. முகத்தை அதில் புதைத்து, வாயால் சப்பி, எச்சிலாக்கிவிட்டு அப்படியே கண்ணை மூடியது. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

அந்த நேரம் பார்த்துத் துணி கொடுக்க ஒருத்தர் வந்தார். பழைய வாடிக்கை, வாய்த்துடுக்கு. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஊருக்கெல்லாம் தேய்ச்சுக் குடுத்துட்டு நீங்க இப்படிக் கசங்கி நிக்கிறீங்க?" என்றார்.

அனலுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கத்த வாயைத் திறந்தார். மார்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ரகசியம் சொல்வது போல, காற்றுக் குரலில் திட்டினார்:

"யோவ், கசங்கினா உனக்கென்னய்யா? கசக்கினது யாரு, என் புள்ளை! துணியை வெச்சுட்டு சத்தம் போடாம போய்த் தொலை!"